இதுவும் வேண்டும், அதுவும் வேண்டும்: வாசகர் கேள்வி பதில்

ஒரே நேரத்தில் பல இலக்குகளை வைத்துக்கொண்டு திண்டாடுவதைப் பற்றிப் போன இதழில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அதற்கு இத்தனை கேள்விகள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டிருப்பதால் யார் பெயரையும் போடவில்லை, நீளமான கேள்விகளைக் கொஞ்சம் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: அலுவலகத்தில் ஒரு பெரிய பொறுப்புக்கு என் பெயர் அடிபடுகிறது. நானே ஆசைப்பட்டதுதான். ஆனால் என் மகளுக்கு நான்கு வயது, சாயங்காலம் அவளோடு இருக்க வேண்டும் என்பதும் என் ஆசைதான். ஒரு வருடமாக இதையே யோசிக்கிறேன், எதையும் முடிவு செய்யவில்லை. அலுவலகத்தில் வீட்டு நினைப்பு, வீட்டில் அலுவலக நினைப்பு. தலைவலிதான் மிச்சம். நான் பேராசைக்காரியா?

பேராசை எல்லாம் இல்லை. உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்தியது, ஒரு வருடமாக யோசிக்கிறேன், எதையும் முடிவு செய்யவில்லை என்கிற வரிதான்.

1988-ல் ராபர்ட் எம்மன்ஸ், லாரா கிங் என்ற இரண்டு உளவியலாளர்கள் இதைத்தான் தோண்டிப் பார்த்தார்கள். அன்றாட வாழ்க்கையில் எதற்கெல்லாம் முயன்றுகொண்டிருக்கிறீர்கள் என்று கல்லூரி மாணவர்களிடம் கேட்டு, ஆளுக்கு 15 எழுதி வாங்கினார்கள். அப்புறம் அவற்றை இரண்டிரண்டாக எடுத்து, இதில் ஜெயித்தால் அதற்கு நல்லதா கெடுதலா என்று அவர்களையே மதிப்பிடச் சொன்னார்கள். முட்டல் மோதல் அதிகம் இருந்தவர்களுக்கு மனச்சோர்வும் பதற்றமும் அதிகம் இருந்தது, உடம்புக்கு ஏதாவது ஒன்று வந்து மருத்துவமனைக்குப் போவதும் அதிகம் இருந்தது. ஆகவே உங்கள் தலைவலி வெறும் கற்பனை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள் (ஒரு தடவை டாக்டரிடமும் காட்டிவிடுங்கள், எல்லாத் தலைவலிக்கும் மனசு மேல் பழி போடக் கூடாது). அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது, எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது. எந்த ஆசைகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நின்றனவோ, அவற்றுக்காக அந்த மாணவர்கள் செய்தது குறைவு, அவற்றைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்த நேரம் அதிகம். செயலும் இல்லை, விடுதலையும் இல்லை. நீங்கள் இப்போது நிற்பது அந்த இடத்தில்தான்.

சரி, என்ன செய்யலாம்? முதலில் இது எந்த மாதிரி மோதல் என்று பாருங்கள். சில ஆசைகள் நேரம், பணம், தெம்பு இவற்றுக்காக மட்டும் அடித்துக்கொள்ளும். வேறு சில, ஒன்றை அடையப் போகும் வழியே இன்னொன்றைக் கெடுத்துவிடும். எல்லாரும் என்னை விரும்ப வேண்டும், அதே சமயம் மனதில் பட்டதை முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும் என்பது மாதிரி. உங்களுடையது முதல் வகை. பதவி உங்கள் பாசத்தைக் கெடுக்காது, மகள் உங்கள் திறமையைக் கெடுக்க மாட்டாள், சாயங்கால நேரத்துக்குத்தான் இரண்டும் போட்டி போடுகின்றன. இந்த வகையில் ஒரு நல்ல விஷயம், கணக்குப் போட முடியும். அந்தப் பொறுப்புக்கு வாரத்தில் எத்தனை நாள் தாமதமாகும், வெளியூர்ப் பயணம் உண்டா, முதல் ஆறு மாதம் மட்டும்தான் கெடுபிடியா, வாரத்தில் மூன்று நாளாவது நேரத்துக்குக் கிளம்ப முடியுமா என்று நேராகப் போய்க் கேளுங்கள். இவ்வளவு நாள் நீங்கள் மல்லுக்கட்டியது அந்தப் பதவியைப் பற்றிய உங்கள் பயத்தோடு, பதவியின் உண்மையான நிபந்தனைகளோடு இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

கேட்டுவிட்டு இரண்டில் ஒன்றைச் செய்யுங்கள், ஆனால் ஒரு வருடத்துக்கு மட்டும் என்று தேதி போட்டுச் செய்யுங்கள். அந்தத் தேதி வரை மறுபடி விவாதம் கிடையாது. இப்படி வாய்ப்பு ஒரே முறைதான் வரும் என்று சொல்கிறவர்கள் பெரும்பாலும் அந்த வாய்ப்பைக் கொடுப்பவர்கள்தான், அதையும் மனதில் வையுங்கள்.

கேள்வி: இலக்குகள் மோதுவதால் மனசு கெடுகிறது என்கிறீர்கள். ஏன் தலைகீழாக இருக்கக் கூடாது? மனசு சரியில்லாதவனுக்கு எல்லாமே மோதலாகத்தானே தெரியும்?

நல்ல கேள்வி, இந்தத் துறையில் இருப்பவர்களையே இன்னும் படுத்திக்கொண்டிருக்கிற கேள்வி. இலக்கு மோதலும் மனநலமும் பற்றிய பல ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துக் கணக்கிட்டு 2017-ல் ஒரு கட்டுரை வந்தது. மோதல் கூடக் கூட மன உளைச்சலும் கூடுகிறது, நிறைவு குறைகிறது என்பது அதில் தெளிவாகவே தெரிந்தது. ஆனால் இரண்டும் சேர்ந்து போகின்றன என்பதைத்தான் இப்படிப்பட்ட கணக்குகள் காட்டும், எது முன்னால் எது பின்னால் என்பதைக் காட்டாது. நீங்கள் சொல்வதும் நடக்கும். சோர்ந்திருக்கும்போது ஒரு போன் பேசுவதே மலையாகத் தெரிகிறது, அந்த நிலையில் எந்த இரண்டு வேலையும் ஒன்றையொன்று தின்பது மாதிரிதான் இருக்கும். என் அனுமானம், இது இரண்டு பக்கமும் ஓடுகிற வண்டி: மோதல் சோர்வைக் கொடுக்க, சோர்வு மோதலைப் பெரிதாக்க, ஆள் இன்னும் அசையாமல் உட்கார. அதனால் ஒருவர் இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல், தூக்கமும் பசியும் கெட்டு இருந்தால், அவரிடம் இலக்குகளைப் பட்டியல் போடச் சொல்வது அபத்தம். முதலில் மனநல மருத்துவரையோ ஆலோசகரையோ பார்க்கட்டும். பட்டியல் எங்கேயும் ஓடிப் போகாது.

கேள்வி: ஒருவர் ஒரே சமயத்தில் எத்தனை இலக்குகள் வைத்துக்கொள்ளலாம்?

எண்ணிக்கையில் ஒன்றும் இல்லை. ஒன்றுக்கொன்று கைகொடுக்கிற ஏழு இருந்தாலும் ஆள் நன்றாக இருப்பார், எதிரும் புதிருமாக இரண்டே இருந்தாலும் போதும், தூக்கம் போய்விடும்.

கேள்வி: சொந்தத் தொழில் தொடங்க வேண்டும் என்பது பல வருட ஆசை. வேலையை விட முடிவு செய்து, கடிதம் எழுதி வைத்து, கொடுக்க வேண்டிய வாரம் வந்ததும் வயிற்றைக் கலக்குகிறது, பின்வாங்கிவிடுகிறேன். பின்வாங்கிய சில நாட்களில் மறுபடி ஆசை. எனக்குத் தைரியம் இல்லையா, இல்லை ஆசையே போலியா?

இரண்டும் இல்லை. ஒரே விஷயம் இழுக்கவும் செய்யும் தள்ளவும் செய்யும் என்று 1930-களிலேயே உளவியலாளர் கர்ட் லெவின் விளக்கியிருக்கிறார். மனசின் மோதல்களை அவர் மூன்றாகப் பிரித்தார்: பிடித்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது, பிடிக்காத இரண்டில் ஒன்றை ஏற்றுக்கொள்வது, பிடித்ததும் பயப்படுவதும் ஒரே பொருளாக இருப்பது. மூன்றாவதுதான் உங்களுடையது, ஆளை அதிகம் அலைக்கழிப்பதும் அதுதான். நீல் மில்லர் என்பவர் 1940-களில் இதற்கு மேல் ஒன்றைச் சேர்த்தார். இலக்கை நெருங்க நெருங்க ஆசையும் கூடும் பயமும் கூடும், ஆனால் பயம் கூடும் வேகம் அதிகம். அதனால் தூரத்தில் இருக்கும்போது ஆசை ஜெயிக்கும், கிட்டே போனதும் பயம் ஜெயிக்கும், ஓடி வந்து கொஞ்சம் தள்ளி நின்றதும் மறுபடி ஆசை தலைதூக்கும். மில்லர் இதைச் சோதித்தது எலிகளை வைத்து என்பதைச் சொல்லிவிடுகிறேன், ஆனாலும் உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு எழுதியது மாதிரிதான் இருக்கிறது.

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது, ஆசையை ஊதி ஊதிப் பெரிதாக்கிப் பிரயோஜனம் இல்லை. தன்னம்பிக்கைப் பேச்சுகளை எல்லாம் கேட்டுவிட்டு இன்னும் வேகமாக ஓடிப் போய் அதே இடத்தில் முட்டிக்கொண்டு நிற்பீர்கள். பயத்தின் பக்கம் போய் வேலை செய்யுங்கள். பயம் எதைப் பற்றி? சம்பளம் நிற்பதா, தோற்றால் நாலு பேர் பேசுவதா, திரும்பி வந்தால் வேலை கிடைக்காதோ என்பதா? சம்பளம் என்றால் ஆறு மாதச் செலவுக்குப் பணம் சேர்க்கிற வரை கடிதத்தைத் தொடாதீர்கள். வேலையில் இருந்துகொண்டே சனி, ஞாயிறில் சின்ன அளவில் தொடங்க அனுமதி உண்டா என்று பாருங்கள். பயம் கொஞ்சம் இறங்கினாலே போதும், ஆசை ஏற்கெனவே போதுமான அளவு இருக்கிறது. நாலு பேர் பேச்சுதான் பயம் என்றால் அதற்குச் சேமிப்பு எல்லாம் உதவாது, அது வேறு பஞ்சாயத்து.

கேள்வி: சட்டம் படிக்கிறேன். அப்பாவின் ஆசை. மதிப்பெண் நன்றாகவே வருகிறது. ஆனால் ஒவ்வொரு செமஸ்டர் முடிவிலும் எல்லாரும் சந்தோஷப்படுகிறார்கள், எனக்கு மட்டும் ஒன்றும் தோன்றவில்லை. நன்றி கெட்டவனாக இருக்கிறேனோ என்று குற்ற உணர்ச்சி வேறு.

கென்னன் ஷெல்டன், ஆண்ட்ரூ எலியட் இருவரும் 1999-ல் வெளியிட்ட ஒரு கட்டுரை நேராக உங்கள் கேள்வியைத் தொடுகிறது. இலக்கை எட்டினால் சந்தோஷம் வரும் என்று நாம் எல்லாரும் நினைக்கிறோம். அவர்கள் பார்த்தது, எந்தக் காரணத்துக்காக அந்த இலக்கின் பின்னால் போகிறோம் என்பதை. பிடித்திருக்கிறது, அல்லது இது முக்கியம் என்று நானே நம்புகிறேன் என்பதற்காகச் செய்தவர்கள் விடாமல் முயன்றார்கள், எட்டியபோது மனசும் நிறைந்தது. அடுத்தவர் சொன்னதற்காகவும், செய்யாவிட்டால் குற்ற உணர்ச்சி வருமே என்பதற்காகவும் செய்தவர்களுக்கு, எட்டிய பிறகும் அந்த நிறைவு அவ்வளவாகக் கிடைக்கவில்லை. ஆகவே உங்களுக்கு ஒன்றும் தோன்றாதது நன்றிகெட்டத்தனம் இல்லை.

ஆனால் இங்கே அவசரப்படக் கூடாது. அப்பா சொன்னார் என்பதாலேயே ஒன்று அடுத்தவர் இலக்காகிவிடாது. நாம் நேசிக்கிற பலவற்றை யாரோ ஒருவர்தான் நம் கையில் முதலில் கொடுத்திருப்பார். நீங்கள் உங்களையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி வேறு: அப்பாவுக்குத் தெரியவே தெரியாது, பாராட்டவும் யாரும் இல்லை திட்டவும் யாரும் இல்லை என்றால், இந்தப் படிப்பில் எந்தப் பகுதியை நீங்களாகப் புரட்டிப் படிப்பீர்கள்? ஏதாவது ஒரு பாடம், ஒரு வழக்கு, ஒரு வாதம் அகப்பட்டால் அங்கே பிடித்துக்கொண்டு மேலே போக வழி இருக்கிறது, பட்டத்தை முடித்துவிட்டு அந்தத் திசையில் திரும்பலாம். ஒன்றுமே அகப்படவில்லை என்றால் அப்பாவோடு ஒரு பேச்சு பாக்கி இருக்கிறது. அதை நான் உங்களுக்காகப் பேச முடியாது.

உங்கள் கடிதத்தில் வெறுமையும் குற்ற உணர்ச்சியும் சேர்ந்தே வருவதைக் கவனித்தேன். உளவியலாளர் டோரி ஹிகின்ஸ் 1987-ல் இவற்றைப் பிரித்துக் காட்டினார். நான் ஆக விரும்பியவனாக இல்லை என்கிற இடைவெளி வாட்டத்தைக் கொடுக்கும், நான் இருக்க வேண்டிய மாதிரி இல்லை என்கிற இடைவெளி படபடப்பையும் குற்ற உணர்ச்சியையும் கொடுக்கும் என்றார். உங்களுக்கு இரண்டு இடைவெளியும் இருக்கும் போலிருக்கிறது. எது அதிகம் என்று கவனித்துப் பாருங்கள், அப்பாவோடு பேசும்போது எங்கே தொடங்குவது என்பது அதிலிருந்து தெரியும்.

கேள்வி: ஒரு போட்டித் தேர்வுக்காகப் பல வருடங்களாகப் படிக்கிறேன். வயது வரம்பு முடியப் போகிறது. விட்டுவிடு என்கிறார்கள். விடாமுயற்சிதான் வெற்றி தரும் என்று சொல்லிச் சொல்லியே வளர்த்துவிட்டு இப்போது விடு என்றால் எப்படி?

கோபம் நியாயம்தான். விடாமுயற்சிக்கு நாம் கொடுக்கிற மரியாதையில் கால்வாசியைக்கூட, சரியான சமயத்தில் விடுவதற்குக் கொடுப்பதில்லை. அடைய முடியாத இலக்கிலிருந்து விலகத் தெரிவதும் ஒரு திறமை என்று எடுத்துக்கொண்டு ஆராய்ந்தவர் கார்ஸ்டன் ராஷ். சார்ல்ஸ் கார்வர், மைக்கேல் ஷையர் போன்றவர்களோடு சேர்ந்து 2003-ல் அவர் வெளியிட்ட ஆய்வுகளில், எட்டாத இலக்கை விட முடிந்தவர்களும், வேறு ஒன்றைப் பிடித்துக்கொள்ள முடிந்தவர்களும் மனதளவில் நன்றாக இருந்தார்கள். விடுவது ஒரு வேலை, புதிதாகப் பிடிப்பது தனி வேலை என்று அவர்கள் பிரித்தது முக்கியம். விட்டுவிட்டு வெறும் கையோடு நிற்பது கஷ்டம். விடு என்று உங்களுக்குப் புத்தி சொல்கிறவர்கள் பாதி வேலையைத்தான் சொல்கிறார்கள்.

விடும்போது என்ன நடக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பயந்துவிடுவீர்கள். உளவியலாளர் எரிக் கிளிங்கர் 1975-ல் இதை ஒரு சுற்றாக விவரித்தார். முதலில் முயற்சி இன்னும் மும்முரமாகும், அப்புறம் எரிச்சலும் கோபமும், அதற்கப்புறம் சோர்வு, பிறகு மெல்ல மீள்வது. அந்தச் சோர்வை அவர் விலகலின் இயல்பான ஒரு கட்டமாகத்தான் பார்த்தார். தப்பான முடிவு எடுத்துவிட்டோம், அதனால்தான் இப்படி இருக்கிறது என்று அந்தக் கட்டத்தில் மனசு சொல்லும், அதைக் கேட்டு மறுபடி புத்தகத்தை எடுக்கிறவர்கள் உண்டு.

உங்கள் விஷயத்தில் வயது வரம்பு என்று ஒன்று இருப்பது ஒரு விதத்தில் நல்லதுதான், கதவு தானாகவே மூடிக்கொள்ளும். முடிவே இல்லாமல் எழுதிக்கொண்டே இருக்கலாம் என்கிற தேர்வுகள் இதைவிடக் கொடுமை. வாய்ப்பு மிச்சம் இருந்தால் எழுதுங்கள், தடுக்கவில்லை. ஆனால் தேர்வு முடிவு வந்த அன்றைக்கு வேறு ஒன்றைத் தேட ஆரம்பிக்காதீர்கள், இப்போதே வாரத்தில் சில மணி நேரத்தை அதற்கு ஒதுக்குங்கள். இது தேர்வுக்குத் துரோகம் என்று தோன்றும், தோன்றட்டும்.

கேள்வி: படுத்தால் செய்யாமல் விட்ட வேலைகள் எல்லாம் வரிசை கட்டி வருகின்றன. முடித்தால்தான் நிம்மதியா?

முடிக்க வேண்டியதில்லை, எப்போது எங்கே எப்படி என்று முடிவு செய்தாலே பெரும்பாலும் போதும். மாசிகாம்போ, ராய் பாமைஸ்டர் இருவரும் 2011-ல் வெளியிட்ட சோதனைகளில், முடியாத வேலையை நினைவூட்டியதும் பலருக்கு வாசிப்பில் கவனம் சிதறியது, ஆனால் அந்த வேலைக்கு ஒரு தெளிவான திட்டம் எழுதியவர்களுக்கு அந்தத் தொந்தரவு இல்லாமல் போனது. வேலை ஒரு அங்குலம்கூட நகரவில்லை என்பதைக் கவனியுங்கள். ஆனால் ‘சீக்கிரம் பார்க்கணும்’ என்பது திட்டம் இல்லை. ‘வியாழக்கிழமை காலையில் கிளம்பும் முன் அந்தப் படிவத்தை நிரப்புவேன்’ என்பது திட்டம். படுப்பதற்குக் கொஞ்ச நேரம் முன்னால், படுக்கையில் இல்லாமல், எழுதிவிடுங்கள்.

கேள்வி: எனக்கு 66 வயது. இந்த மோதல், கொந்தளிப்பு எல்லாம் இப்போது குறைந்துவிட்டது. இது பக்குவமா, இல்லை ஆசையே வற்றிவிட்டதா? பிள்ளைகள் இரண்டாவது என்கிறார்கள்.

பிள்ளைகள் அப்படித்தான் சொல்வார்கள். மிகேலா ரீடிகரும் அலெக்சாண்ட்ரா ஃப்ராய்ண்டும் செய்த ஆய்வுகளில், இளையவர்களைவிட மூத்தவர்களின் இலக்குகள் ஒன்றோடொன்று மோதுவது குறைவாகவும் ஒன்றுக்கொன்று உதவுவது அதிகமாகவும் இருந்தன. மூத்தவர்கள் தங்கள் இலக்குகளில் ஈடுபாடு குறைந்து போனதாகத் தெரியவில்லை. தனக்கு முக்கியமானவற்றைச் சுற்றிக் குறுக்கிக்கொண்டு, அவற்றிலேயே மும்முரமாக இருந்தார்கள். இதற்கு உளவியலாளர் பால் பால்டெஸ் சொல்லும் ஒரு உதாரணம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். பியானோ கலைஞர் ஆர்தர் ரூபின்ஸ்டைன் எண்பது வயதிலும் எப்படி மேடையேறுகிறார் என்று கேட்டபோது, வாசிக்கும் உருப்படிகளைக் குறைத்துக்கொண்டேன், அவற்றை அதிகம் பயிற்சி செய்கிறேன், வேகமான பகுதி வருவதற்கு முன் கொஞ்சம் மெதுவாக வாசிக்கிறேன், அப்போது வேகம் கூடுதலாகத் தெரியும் என்றாராம். மூன்றாவது கொஞ்சம் தில்லாலங்கடிதான், ஆனால் வற்றிப்போனவர் செய்கிற வேலையா அது? காலையில் எழுந்ததும் கை தானாகப் போகிற காரியம் ஒன்றாவது உங்களுக்கு இருக்கிறது என்றால் பிள்ளைகள் பேச்சைக் கண்டுகொள்ளாதீர்கள்.

கேள்வி: எனக்கு ஒரே இலக்குதான். யாரிடமும் கெட்ட பெயர் வாங்கக் கூடாது. ஒன்றே ஒன்று என்பதால் மோதலே இல்லை, ஆனாலும் நிம்மதி இல்லையே?

ஒன்று இல்லை, உங்களைத் தெரிந்த ஆட்கள் எத்தனை பேரோ அத்தனை இலக்கு. அவர்களுக்குள் ஒத்துப்போகாதபோது மோதல் உங்களுக்குள் நடக்கிறது. இன்னொன்று, இது எதையும் அடைவதற்கான இலக்கு இல்லை, ஒன்று நடந்துவிடாமல் தடுப்பதற்கானது. தவிர்ப்பதையே இலக்காக அதிகம் வைத்துக்கொள்கிறவர்களுக்கு மனநிறைவு குறைவு என்று எலியட்டும் ஷெல்டனும் 1997-லேயே எழுதினார்கள். யோசித்தால் காரணமும் புரிகிறது: அடைய வேண்டியதற்கு, வந்து சேர்ந்துவிட்டோம் என்று ஒரு இடம் உண்டு, தவிர்க்க வேண்டியதற்கு அந்த இடமே கிடையாது, வாழ்நாள் முழுக்கக் காவல்தான். ஒரே ஒரு ஆளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அவரிடம் கெட்ட பெயர் வராமல் இருக்க வேண்டும் என்பதை, அவருக்கு நான் இந்த மாதம் இன்னதைச் செய்து தர வேண்டும் என்று மாற்றி எழுதிப் பாருங்கள். யாரை எடுத்துக்கொள்வது என்று கேட்டு அடுத்த கடிதம் போடாதீர்கள், மற்றவர்கள் கோபித்துக்கொண்டால் என்ன செய்வது என்றும்.